ஏழாம் மாடியிலிருந்து இறங்குவது

பனியே பெய்யாத ஊரில், பனிமலை ஏறுகிறவர்களின் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு, நாங்கள் ஐந்து பேர் சாயங்காலம் தோறும் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். இதை இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். அப்போதும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான்தான்.

ரங்கூனில் பசுந்தாங் பேட்டையில் ஓடைப் பக்கம் போகிற தெருவொன்றில் எங்கள் கட்டடம். எட்டு மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு ஓர் ஆள் அகலம்தான்; எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். படிகளோ ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ரங்கூனில் மேலே போகப் போக வாடகை குறையும், அதனால் எங்களுக்கு வாய்த்தது ஏழாம் மாடி. மின்சாரம் தெருவுக்குத் தெரு முறை வைத்து வரும், அநேகமாக வராது. வந்துவிட்டால் தெரு முழுக்க "மீ லாபி" என்று கூச்சல் கிளம்பும். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். குழந்தையிலிருந்து கிழவர் வரை கத்துவார்கள், ஏதோ காணாமல் போன பிள்ளை திரும்பி வந்ததைப் போல. புயல் அடித்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அந்தக் கூச்சல்கூட அடிக்கடி கேட்கவில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு பர்மியர் இருந்தார். எண்பத்தெட்டில், தெருவெல்லாம் துப்பாக்கிச் சூடு நடந்த வருஷம், ஊரை விட்டுப் போனவர். ஏன் போனார் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்த வருஷம் போனவர்களிடம் அதைக் கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இருபது வருஷம் ஜப்பானில் ஒரு பனிமலை அடிவாரத்து ஹோட்டலில் பாத்திரம் கழுவியிருக்கிறார். தாயார் கண்ணை மூடிய பிறகு திரும்பி வந்தார். கட்டடமே அவரை ஜப்பான்காரர் என்றுதான் கூப்பிட்டது. வரும்போது அவர் கொண்டு வந்த பெட்டியில் ஹோட்டலில் கழித்துப் போட்ட பழைய நெற்றி விளக்குகள் இருந்தன. ரப்பர் பட்டையோடு தலையில் மாட்டிக்கொள்கிற சாமான்.

கீழே மளிகைக் கடை வைத்திருந்த பாயின் கடை வாசலில் ஒரு நாள் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கதை சொன்னார். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் சமையல்காரர், துணி துவைப்பவர், கணக்கெழுதுபவர் எல்லாரும் கூட்டமாகக் கிளம்புவார்களாம். நெற்றியில் விளக்கு. காலில் நீளமான பலகை. பலகைக்கு அடியில் ரோமத் துணி ஒன்றை ஒட்டிக்கொண்டால் பின்னால் வழுக்காதாம். இருட்டில் ஒருவர் பின்னால் ஒருவராக மலை ஏறி, உச்சியில் அந்தத் துணியை உரித்துவிட்டுச் சறுக்கிக்கொண்டே இறங்கி வருவார்களாம்.

"மேல என்ன இருக்கு?" என்று பாய் பர்மியத்தில் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்கு ஏறுறீங்க?"

"இறங்குறதுக்கு."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னார். "கேட்டியா மச்சான். நம்ம கட்டடமும் அதே ஜாதிதான். மேல ஒண்ணும் இல்ல."

பாய்க்குப் பூர்வீகம் தமிழ்நாட்டில் கடற்கரைப் பக்கத்து ஊர். பாட்டன் காலத்திலேயே இங்கே கடை. என் மனைவியைத் தங்கச்சி என்பார், அந்த உறவில் நான் மச்சான். வாயைத் திறந்தால் கிண்டல். ஆனால் மறுநாள் கடையைச் சாத்திவிட்டு முதல் ஆளாக நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டவர் அவர்தான். ஜப்பான்காரருக்கு ஏறாமல் இருக்க முடியவில்லையாம், ஏறாவிட்டால் உடம்பு கனக்கிறதாம். இங்கே மலை இல்லை, படி இருக்கிறது. ஐந்தாம் மாடியில் இருந்த பர்மியப் பள்ளி ஆசிரியை, சயாமா என்போம், அவரும் சேர்ந்தார். நாலாம் மாடியில் ஒரு பஸ் கண்டக்டர், தமிழ்ப் பையன்தான். தமிழ் பேசினால் புரியும், பதில் பர்மியத்தில்தான் வரும். நாளெல்லாம் பஸ் படியில் தொங்குகிறவன் சாயங்காலம் இந்தப் படியிலும் வந்து சேர்ந்தான்.

வேலை விட்டு வந்து, இருட்டுகிற நேரத்தில் கீழே கூடுவார்கள். ஒருவர் குதிகாலில் அடுத்தவர் வெளிச்சம் விழ, பேசாமல் ஏறுவார்கள். எட்டாவது மாடி முடிந்ததும் மொட்டை மாடிக் கதவில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இறங்குவார்கள். மறுபடி ஏறுவார்கள். ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விளக்கு அடிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். நான் பருப்புக் கிட்டங்கியில் காலையிலிருந்து நின்றபடி உளுந்தும் துவரையும் எடை போட்டுவிட்டு, வீடு போய்ச் சேர்வதற்காக அந்தப் படிகளைத் திட்டிக்கொண்டே ஏறுகிறவன். சும்மா ஏறுகிற இவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீங்களும் போங்களேன்," என்றாள் என் மனைவி.

"எனக்கென்ன பைத்தியமா?"

"சாயங்காலம் ஆனா அந்தச் சத்தம் கேக்குது. நல்லா இருக்கு. உங்க காலடி எதுன்னு கண்டுபிடிக்கிறேன், போங்க."

அவள் வாசற்படியில் ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். படுத்தால் மூச்சு முட்டும். சிறு வயதில் ஏதோ மூட்டுக் காய்ச்சல் வந்து அது இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஒரு கதவு சரியாகத் திறப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். பிள்ளை வேண்டாம் என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார்கள். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவள் தெருவில் கால் வைக்கவில்லை. பால்கனியிலிருந்து கிளிப் மாட்டிய கயிற்றை விட்டுக் காய்கறி வாங்குவாள். அந்தத் தெருவில் நடப்பது அத்தனையும் அவளுக்குத் தெரியும், மேலிருந்து.

அவளுக்காகத்தான் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரம் கால் இரண்டும் என்னுடையவை அல்ல என்பதுபோல் இருந்தது. ராத்திரி அவள் சொல்லுவாள், "மூணாவது தடவை ஏறும்போது இழுத்துக்கிட்டு வந்தது நீங்கதானே?" நான்தான்.

நான் சேர்ந்து ஐந்தானோம். இன்னும் இரண்டு பேர் சேர ஆசைப்பட்டார்கள். அதற்குள் வார்டு ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்துவிட்டான். இருட்டில் தலையில் விளக்கோடு கூட்டம் கூடுகிறதாமே, எதற்கு என்றான். ஏறி இறங்குகிறோம் என்றோம். எதற்கு ஏறி இறங்குகிறீர்கள் என்றான். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டதே என்று நான் பாயை முறைத்தேன். ஐந்து பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று நாட்டில் ஓர் உத்தரவு இருந்தது. சயாமா வகுப்பில் பேசுகிற குரலில், "ஐந்து பேர்தான் இருக்கிறோம், எண்ணிக்கொள்ளுங்கள்," என்றார். அவன் எண்ணினான். போய்விட்டான். ஆறாவது ஆளை நாங்கள் பிறகு சேர்க்கவே இல்லை.

தை பிறந்த சமயம் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறு. சாயங்கால கிளினிக்கில் டாக்டரிடம் கொண்டுபோனோம். நானும் கண்டக்டர் பையனும் அவளைத் தாங்கித் தாங்கி, மாடிக்கு மாடி உட்கார வைத்து இறக்கினோம். கீழே போவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. வாரம் ஒரு தடவை ஊசி போட்டு நீரை இறக்க வேண்டும். இறங்கினால், சித்திரைத் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யலாம், பேசி வைத்திருக்கிறேன். ஆனால் இனி ஒரு படிகூட அவள் சொந்தக் காலில் ஏறவோ இறங்கவோ கூடாது. ஏழாம் மாடி என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, "வீடு மாத்த முடியாதா?" என்றார்.

தரைத் தளமெல்லாம் கடை. முதல் மாடி, இரண்டாம் மாடி வாடகை எனக்குக் கனவிலும் எட்டாது. டாலாவில் அவளுடைய அண்ணன் இருந்தார், வரச் சொன்னார். அவர் வீட்டுக் கூரையைப் புயல் கொண்டு போய், அப்போதும் தார்ப்பாய்தான் கட்டியிருந்தது. அங்கிருந்து வாராவாரம் படகில் ஆற்றைத் தாண்டி வருவதற்கு ஏழு மாடியே தேவலை. ஆக, திருவிழா வரைக்கும் அவளை அலுங்காமல் கீழே கொண்டுபோய் மேலே கொண்டுவர வேண்டும். அவள் உயிர் இதில்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கடை வாசலில் இதைச் சொன்னேன். உதவி கேட்கிற எண்ணம்கூட இல்லை, புலம்பினேன். ஜப்பான்காரர் விளக்குப் பட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு, "அகோ, நாம எப்படியும் ஏறி இறங்குறோம். கையிலே எதையாவது வச்சுக்கிட்டு ஏறுவோம்," என்றார். அகோ என்றால் அண்ணன்.

பாய் கடையிலிருந்து ஒரு பிரம்பு நாற்காலி வந்தது. கழி கட்டித் தூக்கலாம் என்று பார்த்தால் திருப்பங்களில் கழி திரும்பாது. நாற்காலியை நேராகக் கையில்தான் பிடிக்க வேண்டும். பழைய லோஞ்சிக் கைலியைக் கிழித்து இடுப்புக்கும் மார்புக்கும் வார் செய்தோம். முதல் ஒத்திகைக்கு நான் உட்கார்ந்தேன். பாய் கீழே நின்று முன்கால்களைப் பிடிக்க, கண்டக்டர் மேலே நின்று முதுகைப் பிடிக்க, என்னை முகம் கீழே பார்க்க, கால் முன்னால் நீட்ட, இறக்கினார்கள். நாலு படி சுகமாக இறங்கியது. இதற்கா இவ்வளவு யோசித்தோம் என்று இருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் வாசற்படியிலிருந்து.

நிறுத்தினார்கள்.

"என்னைய இப்படியா இறக்கப் போறீங்க?"

"ஏன் தங்கச்சி, நல்லாத்தானே வருது?" என்றார் பாய்.

"காலை முன்னால விட்டு வீட்டை விட்டு இறங்குறது யாரு பாய் அண்ணே? பொணம்தான். நான் இன்னும் சாகல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. மூச்சு விட வழியில்லை, இதில் சாஸ்திரம் ஒரு கேடு என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பாய்தான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, எங்கள்ல மய்யித்தைத் தலையை முன்னால வச்சுத்தான் கொண்டு போவோம். உனக்குக் கால் முன்னால போனா பொணம். எனக்குத் தலை முன்னால போனா பொணம். இப்ப நான் என்ன செய்யட்டும்?"

சயாமா என்ன தகராறு என்று கேட்டார். கண்டக்டர் பர்மியத்தில் எடுத்துச் சொன்னான். குறுக்காகத் தூக்குங்களேன் என்றார் சயாமா. குறுக்காகத் தூக்கப் படியில் அகலம் இல்லை. எங்களுக்கு யாரும் விழாமல் இருந்தால் போதும் என்றார் ஜப்பான்காரர். நாற்காலியில் கட்டப்பட்டபடி நடுப்படியில் சாய்ந்து கிடந்த என்னை அவிழ்த்துவிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் உசுரோட இறங்கி உசுரோட ஏறணும். அதுக்குத்தானே இவ்வளவு பாடும்," என்றாள் அவள்.

பாய் பெருமூச்சு விட்டார். "சரி. எங்க வழக்கம் என்னோட இருக்கட்டும். உனக்கு எது உசுரோ அப்படியே தூக்குறோம்."

அப்படி முடிவானது, தலை முன்னால் என்று. ஏறும்போது அது ஒரு பிரச்சினையே இல்லை, முதுகு மேல்பக்கம் இருக்க இழுத்துக்கொண்டு போய்விடலாம். இறங்கும்போதுதான் வம்பு. நாற்காலியின் முதுகு கீழ்ப்பக்கம், அவள் முகம் மேல்பக்கம். சற்றே சாய்ந்தாலும் தலை தாழ்ந்து, நெஞ்சு நீர் தொண்டைக்கு வந்துவிடும். அதனால் நாற்காலி மட்டமாகவே இருக்க வேண்டும். கீழே இருப்பவர் நாற்காலியைத் தன் நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி, பார்க்காமல் பின்னோக்கி இறங்க வேண்டும். மேலே இருப்பவர் தன் முதுகை மடித்து, நாற்காலியின் முன்கால்களைக் கணுக்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே ஏழு மாடியும் இறங்க வேண்டும். மனிதன் இறங்குகிற முறையே இல்லை அது.

அதைத்தான் பழகினோம். சாயங்காலங்கள் எல்லாம் மாறிப்போயின. ஒரு சுற்றுக் குனிந்தபடி இறங்குவோம். அடுத்த சுற்றுக் கைகளைத் தூக்கியபடி, பின்னோக்கி. கீழே இருப்பவரின் இடுப்பைச் சயாமா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு "படி, படி, திருப்பம்" என்று பர்மியத்தில் சொல்லிக்கொண்டே வருவார். கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்கிற அதே குரல். மேலே குனிகிறவரின் விளக்கு அவள் கண்ணில் அடிக்கும் என்பதால் அதை நெற்றியிலிருந்து கழற்றி வயிற்றில் கட்டிக்கொண்டோம். நாற்காலியில் கிட்டங்கியிலிருந்து துவரம் பருப்பு மூட்டை ஒன்றைக் கொண்டு வந்து வைத்தேன். மூட்டை அவளைவிடக் கனம்.

முதல் வாரம் அவளை இறக்கின சாயங்காலம் அவள் கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, தலை சீவி, ஊருக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மாடிக்கு மாடி கதவைத் திறந்து மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். "சாமி வருது, யாராச்சும் தேங்காய் உடைங்கப்பா," என்று கீழேயிருந்து, நெஞ்சுக்கு மேல் கைகளைத் தூக்கி, வியர்த்து வழிந்தபடி பாய் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் இருமல் வரும், சிரிக்க வைக்காதீர்கள் என்று நான் எரிந்து விழுந்தேன். முகம் மேல்பக்கம் இருந்ததால் எங்கள் கதவு அவள் கண்ணுக்கு அடுத்த திருப்பம் வரை தெரிந்தது. வீட்டைப் பார்த்துக்கொண்டே இறங்குவது நன்றாக இருக்கிறது என்று ராத்திரி சொன்னாள்.

அப்படியே வாரங்கள் போயின. கால் வீக்கம் வடிந்தது. டாக்டர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். எனக்கு நம்பிக்கை வந்ததா என்றால், வந்தது. ஆபரேஷன் முடிந்து அவள் தன் காலால் படி ஏறி வருவதாகவும், பின்னால் நான் விளக்குக் காட்டுவதாகவும் கிட்டங்கியில் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டே நினைத்துக்கொள்வேன். இன்று அதை எழுதக் கை கூசுகிறது.

மாசி பங்குனியில் வெயில் ஏறியது. கரண்ட் அடியோடு நின்றது. படிக்கட்டு அடுப்பு மாதிரி கொதித்தது. பாய்க்கு முதுகு பிடித்துக்கொண்டு, அவர் இடத்தில் ஜப்பான்காரர் நின்றார். அவளோ வாரத்துக்கு வாரம் இலேசாகிக்கொண்டு வந்தாள். தூக்குகிறவர்களுக்கு அது சௌகரியம். கண்டக்டர் ஒரு நாள் சந்தோஷமாக, "அமா இன்னிக்குக் கனமே இல்ல," என்றான். அமா என்றால் அக்கா. சொன்ன பிறகு அவனாகவே புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் நாலாம் மாடித் திருப்பத்தில் அவன் கால் வழுக்கியது. குனிந்திருந்தவன் முழங்காலில் விழுந்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டான். ஆனால் நாற்காலியின் மேல்பக்கம் எகிற, அவள் தலை கீழே போய்விட்டது. இருட்டில் அவள் தொண்டையில் நீர் ஏறுகிற களகளவென்ற சத்தம் கேட்டது. நிமிர்த்தினோம். சயாமா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "போதும், திருப்பிப் பிடிங்க, கால் முன்னால போகட்டும்," என்றார். கண்டக்டர் முழங்காலில் ரத்தத்தோடு உட்கார்ந்து அழுதான்.

"வேண்டாம்," என்றாள் அவள், பேச்சு வந்ததும்.

என்னால் அடக்க முடியவில்லை. நாலாம் மாடிக் கதவெல்லாம் திறக்கும்படி கத்தினேன். "உன் சாஸ்திரம்தான் உன்னைக் கொல்லப் போகுது. அந்தப் பையனையும் சேத்துக் கொல்லப் போகுது."

அவள் வெகு நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "பிழைக்கப் போறவளுக்கு ஒரு வழி, செத்துப் போனவளுக்கு ஒரு வழின்னு இருக்கணுங்க. ரெண்டும் ஒண்ணாயிட்டா நான் எதுக்கு இறங்குறேன்? வீட்டுலயே கிடந்துட்டுப் போறேன்."

கண்டக்டர் எழுந்து மறுபடி குனிந்தான். அன்றும் தலை முன்னால்தான் இறக்கினோம்.

திருவிழாவின்போது ஊரே தெருவில் நின்று தண்ணீரை வாரி இறைத்தது. நாங்கள் ஐந்து பேரும் ஒரு நாள் விடாமல் பருப்பு மூட்டையை ஏற்றி இறக்கினோம். நனைந்த படியில் வழுக்காமல் இருக்கக் காலில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டோம். ஜப்பான்காரர் அதைப் பார்த்து, "இதுதான் அந்த ரோமத் துணி," என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பண்டிகை முடிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பரிசோதனையெல்லாம் செய்தார்கள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்காரச் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இதயம் மயக்க மருந்தைக்கூடத் தாங்காது என்றார். சில வருஷங்களுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார். மாத்திரைகள் கொடுத்தார். வாரா வாரம் வர வேண்டிய அவசியம் இனி இல்லை, வீட்டிலேயே வசதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கதவு திறந்திருந்தது. வெளியே சக்கர நாற்காலியில் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவளை மேலே ஏற்றினோம். கீழே காத்திருந்த நாலு பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பிடித்தார்கள். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க இறக்கி வைத்தபோது அவளே சொன்னாள், எல்லாருக்கும் புரியட்டும் என்று பர்மியத்தில். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், இனிமேல் நான் கீழே வர வேண்டியதில்லை, உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்றாள். ஐந்து விளக்கும் ஐந்து பக்கச் சுவரில் விழுந்துகொண்டிருந்தன. சயாமா மட்டும் அவள் முந்தானையைச் சரி செய்துவிட்டார். "தூக்குங்கப்பா," என்றார் பாய். தூக்கினோம்.

மறுநாள் வேலை விட்டு வருகிறேன், கடை வாசலில் நாலு பேரும் விளக்கோடு நிற்கிறார்கள். நாற்காலியில் பருப்பு மூட்டை கட்டியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இனி எதற்கு இந்தக் கூத்து என்றேன்.

"ஏறலேன்னா உடம்பு கனக்கும் அகோ," என்றார் ஜப்பான்காரர்.

"டாக்டருக்கு மனசு மாறினா?" என்றார் பாய். மாற வேண்டியது டாக்டர் மனசு இல்லை என்று அவருக்கும் தெரியும்.

நான் அவர்களை விலக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து "படி, படி, திருப்பம்" என்று சயாமாவின் குரல் ஏறி வந்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாலாம் மாடியில தட்டிட்டாங்க. நீங்க இல்லாம சரியா வரல," என்றாள். நான் விளக்கை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வைகாசி முழுக்க அப்படியே நடந்தது. ஒன்றுக்கும் உதவாது என்று ஐந்து பேருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் பழகப் பழகத் தேறிக்கொண்டே வந்தோம். கடைசியில் மூட்டை மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துச் சிந்தாமல் இறக்கினோம். அந்த அளவுக்கு வந்துவிட்டோம். அவளுக்கு அதைச் சொன்னபோது, "பரவாயில்லையே," என்றாள். அப்போதே பேச்சு குறைந்துவிட்டது.

ஆனி மாதத்து மழையில், விடிந்து வெகு நேரம் கழித்து, தலையணையில் சாய்ந்தபடியே போய்விட்டாள். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டாலாவிலிருந்து அவள் அண்ணன் வந்தார். பாடை படிக்கட்டில் திரும்பாது என்பதால் அதைத் தெருவிலேயே கட்டினார்கள். அவளை நாற்காலியில்தான் இறக்க வேண்டும். மழை விட்டு நல்ல வெளிச்சம், நெற்றி விளக்கு வேண்டியிருக்கவில்லை. பாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார், முதுகு வலியோடு. ஜப்பான்காரர், சயாமா, லீவு போட்டுவிட்டுக் கண்டக்டர். "கால் முன்னால வரட்டும்," என்றார் அண்ணன், அவர்களுக்குத் தெரியாதோ என்று. ஒருவரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பாய் கீழ்ப்படியில் முதுகைக் காட்டி நின்று முன்கால்களைப் பிடித்தார். கண்டக்டர் மேலே நின்று நாற்காலி முதுகைப் பிடித்தான். பிடித்ததும் பழக்கத்தில் அப்படியே மடிந்து குனிந்துவிட்டான். சயாமா அவன் தோளைத் தொட்டார். "இன்னிக்கு நிமிர்ந்தே இறங்கலாம்," என்றார். அவன் நிமிர்ந்தான்.

இறங்கினார்கள். பின்னோக்கி யாரும் போகவில்லை. யாரும் படி சொல்லவில்லை. எல்லாரும் முன்னால் பார்த்து, மனிதர்கள் இறங்குகிற மாதிரி இறங்கினார்கள். நான் பின்னால் போனேன். அவள் முகமும் கீழ்ப்பக்கமே பார்த்திருந்தது, எங்கள் கதவு அவளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நாலாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி எங்கேயும் தட்டவில்லை. எந்த மாடியிலும் இறக்கி வைக்க வேண்டியிருக்கவில்லை. நான் என்ன ஏது என்று நினைப்பதற்குள் தெரு வந்துவிட்டது.

நாற்காலியை வைத்துவிட்டுப் பாய் நிமிர்ந்தார். "மச்சான், இவ்வளவு சுலபமா..." என்று ஆரம்பித்தார். தோளில் இருந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். நான் மற்றவர்களைப் பார்த்தேன். எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.